பக்கத்து வீடு லாட்ஜ் ஆகிவிட்டது. நம் வீட்டையும் ஆக்கிவிடலாமா?

மதுரை மாசி வீதிகளுக்கு உள்ளே, ஒரு சந்தில் சொந்த வீடு உள்ள வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 61. கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டுப் பத்திரம் இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். மாடியில் 19 வருடமாக ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வாடகை 4,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000. எழுத்தில் எதுவும் கிடையாது. அந்தக் குடும்பத்து அம்மா கோயில் பக்கம் பூ விற்கிறார். இரண்டு வருடத்துக்குள் இடதுபக்கத்து வீடும் எதிர்வீடும் லாட்ஜாகிவிட்டன. விடியற்காலை நாலு மணிக்குப் பெட்டிச் சக்கரங்களின் கடகடப்பு, சந்து முனையை அடைத்து நிற்கும் வேன்கள், அடிக்கடி பொங்கும் பாதாளச் சாக்கடை, "என் திண்ணையில் நாள் முழுக்கச் சொட்டுகிற ஏசி தண்ணி" என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் பக்கத்தில் விஷயம் திரும்புகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், மாடியைக் காலி செய்து மூன்று அறை போடலாம், மொட்டை மாடியில் கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு சாப்பாட்டு இடம் கட்டலாம், ஹோம்ஸ்டே நடத்தலாம் என்கிறாராம். பேங்கில் கடனுக்கும் பேசிவிட்டார். "நீ சென்னைக்கு வந்துவிடும்மா, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்." அறைக்கு நாளுக்கு 2,000 ரூபாய் வீதம் மாதம் 1,80,000 வரும் என்பது மகன் போட்ட கணக்கு. கோவையில் இருக்கும் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: "அவளுக்கு இதில் சம்பந்தமில்லை, கல்யாணத்தின்போதே செய்துவிட்டோம்."

அவர் கேட்பவை: குடித்தனக்காரரை உடனே காலி செய்யச் சொல்லலாமா? இத்தனை வருடம் இருந்துவிட்டார்களே, வீடு அவர்களுக்குப் போய்விடுமா? ஹோம்ஸ்டேக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மகன் சொல்வது சரியா? ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கான வீடுகளைத் தடை செய்யப் போகிறார்களாமே, அதைக் காட்டி எதிர்வீட்டு லாட்ஜை மூட வைக்க முடியுமா? கடைசியாக, "டூரிஸ்ட் வருவது ஊருக்கு நல்லதா கெட்டதா என்றே எனக்குக் குழப்பமாகிவிட்டது சார்."

அம்மா, கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு பக்கத்தில் நீங்கள் யார்மேல் புகார் சொல்கிறீர்களோ, மூன்றாம் பக்கத்தில் உங்கள் மகன் உங்களை அவராக ஆக்கப் பார்க்கிறார். உங்கள் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

வெளியூர்க்காரர் வருவது மதுரைக்குப் புதிதல்ல. நம் வீதிகளுக்குப் பெயரே சாமி புறப்பாடு வரும் மாதங்களை வைத்துத்தான்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் இட்லி கிடைக்கிற ஊர் இது என்றால், அந்த இட்லியைச் சாப்பிட ஆள் இருப்பதுதான் காரணம். ஆட்டோக்காரர், சுங்குடிச் சேலைக் கடை, ஜிகர்தண்டா வண்டி எல்லோருக்கும் அந்தக் காசு போகிறது. உங்கள் மாடியில் இருக்கிற பூக்காரம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியில் விடியுமுன் வாங்கி வந்து கட்டும் மல்லிகையில் பாதியாவது வெளியூர்க்காரர் தலையில்தான் ஏறும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் காலத்தில் வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? சத்திரத்தில். ராணி மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே நிற்கிறது. தங்குமிடம் தனி, குடியிருப்பு தனி. இப்போது நடப்பது வேறு. குடித்தனம் இருக்கிற வீடே சத்திரமாகிறது. ஒரு சந்தில் பத்து வீடு இருந்து, இரண்டு லாட்ஜானால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆறு ஆனால் மளிகைக் கடையில் அரிசி பருப்பு போய்த் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் தொங்கும். ஐந்து பேர் குளித்த வீட்டில் பன்னிரண்டு பேர் குளிப்பார்கள். தினமும் படுக்கை விரிப்பு துவைப்பார்கள். சாக்கடைக் குழாய் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். உங்கள் வாசலில் பொங்குவது அதுதான்.

லாபமும் நஷ்டமும் ஒரே ஆளுக்கு வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர்களும் பாத்திரக்கடை, புத்தகக்கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். இப்போது தூண் சிற்பங்களை மறைப்பில்லாமல் பார்க்கலாம். பார்க்க வருகிறவருக்குச் சந்தோஷம்தான். பாவாடை தைக்க வருகிறவர் கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே முடிவின் பலன்கள். ஆகவே 'ஊருக்கு நல்லதா' என்று கேட்பதைவிட, வருகிற காசு எந்தக் கைக்குப் போகிறது, தொந்தரவு எந்த வாசலில் தங்குகிறது என்று கேளுங்கள். என்னிடம் வந்த வழக்குகளில் லாட்ஜ் நடத்தியவர்களில் பலர் அந்தச் சந்தில் ஒரு நாள்கூடத் தூங்காதவர்கள். மொத்தமாக லீசுக்கு எடுத்து, ஒரு பையனை வரவேற்பில் உட்கார வைத்துவிட்டுப் போனவர்கள். சாக்கடை பொங்கினால் அவர்கள் மூக்குக்கு எட்டாது.

சொந்தக்காரர் அந்த வீட்டில் குடியிருக்கிறாரா இல்லையா என்பதில்தான் பெரிய வித்தியாசமே. அதையேதான் ஹோம்ஸ்டே விதிகளும் கேட்கின்றன.

குடித்தனக்காரர்: நீங்கள் பயப்படுவதும், பயப்படாததும்

19 வருடம் இருந்துவிட்டதால் வீடு அவர்களுக்குச் சொந்தமாகாது. 'பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு போச்சு' என்பது திண்ணைப் பேச்சு. வாடகை கொடுத்து, உங்கள் சம்மதத்தோடு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். இந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள். வாடகை வாங்கியதற்குக் குறிப்பு ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள், போதும்.

நீங்கள் பயப்படாத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. 'அக்ரிமென்ட் இல்லை, அதனால் நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம். கேட்கவில்லையென்றால் மோட்டாரை நிறுத்திவிடலாம்' என்று மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கண்டிப்பாகச் செய்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றப்பட்டது) தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அவர்கள் ஒரு மனு போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், உங்கள் மகன் அல்ல.

அதே சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. பழைய வாடகைகளுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே, வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், தவறான உபயோகம், சொந்தத் தேவை என்று மற்ற காரணங்களும் உண்டு. உங்கள் குடித்தனக்காரர் ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது 'சொந்தத் தேவை'யா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். ஒப்பந்தம் இல்லை என்பதை வைத்து மனு போட்டால், '19 வருடத்தில் நீங்கள் எப்போதாவது எழுதலாம் என்று கூப்பிட்டீர்களா?' என்ற கேள்வி வரும். அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒப்பந்தம் போடலாம் என்று அவர்களுக்கு எழுத்தில் தெரிவிப்பது. மாசி வீதிக்குள் மாடி வீட்டுக்கு 4,500 என்பது இன்று மிகக் குறைவு. பேசி நியாயமாக ஏற்றிக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால், அந்த மறுப்பே பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

ஒரு விஷயத்தை வக்கீலாக இல்லாமல் சொல்கிறேன். பூக்காரம்மா ஊருக்கு வெளியே வாடகைக்குப் போனால், விடிகாலையில் சந்தைக்கு ஒரு பஸ், கோயிலுக்கு ஒரு பஸ், ராத்திரி வீட்டுக்கு ஒரு பஸ். அவர் பிழைப்பே உங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் இருக்கிறது. அது உங்கள் பொறுப்பு என்று சட்டம் சொல்லவில்லை.

போர்டு மாட்டினால் மட்டும் ஹோம்ஸ்டே ஆகாது

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் இரண்டு அடிப்படை விஷயங்கள் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். விடுவதற்கான அறைகள் ஒன்றிலிருந்து ஆறுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் சென்னைக்குப் போய்விட்டு ஆள் வைத்து நடத்தினால், போர்டில் என்ன எழுதினாலும் அது லாட்ஜ்தான். லாட்ஜுக்கு மாநகராட்சி, தீயணைப்புத் துறை, காவல்துறை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்று மகனுக்குச் சொன்னவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இன்டீரியர் வேலைக்கு கொட்டேஷன் கொடுத்தவராக இருப்பார்.

மொட்டை மாடிச் சாப்பாட்டு இடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் சந்து அதற்குள் தாராளமாக வருகிறது. கோபுரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த விதி. கோபுரம் தெரிகிறது என்று காட்டிக் காசு பார்க்க அதையே மீறுகிற கட்டடங்கள் ஏராளம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் இந்த விவகாரம் போயிருக்கிறது. ஏற்கெனவே கீழும் மாடியுமாக இருக்கிற பழைய வீட்டின் உயரத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் ஒவ்வொரு தளமும் உயரமாக இருக்கும். தகரக் கூரை போட்டாலே கணக்கு இடிக்கலாம். கடன் வாங்கிக் கட்டியபின் சீல் வைத்தால், மாதத் தவணை மட்டும் நிற்காமல் போகும்.

வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை, முன்பு 'சி' படிவம் என்று சொல்லப்பட்ட படிவத்தில், ஆன்லைனில் ஏற்ற வேண்டும். வீட்டில் ஓர் அறை மட்டும் விட்டாலும் இது பொருந்தும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழும் இந்தக் கடமை தொடர்கிறது. மதுரையில் பலர் சறுக்குவது இங்கேதான். மலேசியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் நம்மவர்கள் சாமி கும்பிட வருகிறார்கள். நம்மிடம் நம்மைவிட நல்ல தமிழ் பேசுகிறார்கள். 'நம்ம ஆளுதானே' என்று விட்டுவிடுகிறோம். பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது என்றால் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். போலீஸ் முதலில் கேட்பது உங்களைத்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசமாகத் தருகிற வீட்டு மீட்டரில் மூன்று ஏசியை ஓட்டி வியாபாரம் செய்தால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126 வரும். அனுமதியில்லாத உபயோகம் என்று சொல்லி, உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கேட்பார்கள். ஓரிரு அறை மட்டும் விடுவதாக இருந்தால் எந்த விகிதம் என்று ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து, பதிலும் எழுத்தில் வாங்குங்கள். சொத்து வரியும் மாறும். சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும்.

மகனின் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மாதம் 1,80,000 என்றால் வருடத்துக்கு 21,60,000. சேவைத் தொழிலில் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆகவே அவர் கணக்கு சரியாக இருந்தால் வரி உண்டு, வரி இல்லையென்றால் கணக்கு தப்பு. நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், அது ஓர் ஆறுதல். உண்மையில் முப்பது நாளும் மூன்று அறையும் நிறையாது. சித்திரையிலும் ஐயப்ப சீசனிலும் சனி ஞாயிறுகளிலும் ஆள் வரும். பள்ளி திறந்த ஜூன், ஜூலை வாரநாட்களில் ஈ ஓட்ட வேண்டும். புக்கிங் தளத்துக்குக் கமிஷன், துவைக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், நீங்கள் இல்லையென்றால் மேனேஜர் சம்பளம்... இதையெல்லாம் கழித்துவிட்டு, பாதி நாள் காலி என்று வைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். தவணை கட்ட மிஞ்சுகிறதா என்று அப்போது தெரியும்.

எதிர்வீட்டு லாட்ஜை என்ன செய்யலாம்?

பார்சிலோனாவை நம் கோர்ட்டில் காட்ட முடியாது. அங்கே நடப்பதும் நீங்கள் கேள்விப்பட்ட மாதிரி முழுத் தடை அல்ல. ஹோட்டல்கள் இருக்கும். பயணிகளுக்கு விடப்படும் அடுக்குமாடி வீடுகள் 10,101-க்கும் உரிமம் புதுப்பிக்கப்படாது, 2028 நவம்பருக்குள் அவை குடியிருப்புகளாகத் திரும்ப வேண்டும் என்று அந்த நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். சொந்த ஊர்க்காரருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனதுதான் காரணம். அங்கே எண்ணிக்கை கடைசி ஒன்று வரை தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் உரிமம் இருந்தது. நம் சந்தில் எத்தனை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அந்த எண்ணிக்கையில் இருந்துதான் நீங்களும் தொடங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மாநகராட்சியிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: அந்த இரண்டு கதவு எண்களுக்கும் கட்டட அனுமதி எந்த உபயோகத்துக்கு, தொழில் உரிமம் உண்டா, சொத்து வரி வீடா வணிகமா. 30 நாளில் பதில் வர வேண்டும். 'வீடு' என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பதிலோடு, சாக்கடை பொங்கும்போது தேதி தெரிகிறபடி எடுத்த போட்டோக்களையும் சேர்த்து மாநகராட்சி ஆணையருக்கு மனு கொடுங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அசையவில்லையென்றால், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி கோட்டாட்சியர் உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-இல் வழி இருக்கிறது. பழைய ஆட்கள், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, 133 என்று சொல்வது இதைத்தான். நீங்கள் ஒருவராக அல்லாமல், சந்தில் மிச்சம் இருக்கிற நாலைந்து வீட்டாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நல்லது.

மூட வைப்பது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முறைப்படி அனுமதி வாங்கியிருந்தால் மூட முடியாது. வேனைச் சந்துக்குள் விடாமல் வெளியே நிறுத்த வைப்பது, கழிவுநீர் இணைப்பைச் சரிசெய்ய வைப்பது, இவை கிடைக்கக்கூடியவை. பெட்டிச் சக்கரச் சத்தத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை.

இன்னொன்று. லாட்ஜ்காரர் சந்து முனைப் பூக்கடைகளை எடுக்கச் சொல்லி மிரட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அது அவர் அதிகாரத்தில் இல்லை. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். மாநகராட்சிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், லாட்ஜ்காரர் எம்மாத்திரம்? பூக்காரம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது லாட்ஜ் அல்ல, மகளைப் பற்றிய அந்த ஒரு வரி. பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. உயில் எழுதவில்லை என்கிறீர்கள். அவருடைய தாயாரும் இல்லை. அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு, மகனுக்கு, மகளுக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணத்தில் நகை போட்டதும் சீர் செய்ததும் அந்தப் பங்கைக் குறைக்காது. மகள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் பங்கு போகும், அவர் விருப்பப்பட்டால் மட்டுமே. அவர் கையெழுத்து இல்லாமல் எந்த பேங்கும் இந்த வீட்டை முறையாக அடமானம் எடுக்காது. எடுத்துவிட்டால் இன்னும் வம்பு.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு மாடியைத் தொடாதீர்கள். கீழே உங்கள் கணவர் கணக்கு எழுதிய அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு குளியலறை சேர்த்து, முறைப்படி பதிவு செய்து, ஒரு வருடம் நீங்களே இருந்து நடத்திப் பாருங்கள். கடன் தேவைப்படாது. ராத்திரி யார் வருகிறார்கள், எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் மறுபடி பூட்டிவிடலாம். மகனுக்கு இது சின்ன யோசனையாகத் தெரியும், தெரியட்டும்.

நேரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரும்போது மூலப் பத்திரம், கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் (இல்லையென்றால் தாசில்தார் ஆபீஸில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்), கடைசிச் சொத்து வரி ரசீது, ஈபி அட்டை எல்லாம் எடுத்து வாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்புறம் அந்த ஏசி தண்ணீர்: அதற்கு மனு எல்லாம் வேண்டாம், நாலு அடி குழாய் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும். வரவேற்பில் இருக்கிற பையனிடம் நாளைக் காலையில் கேட்டுப் பாருங்கள்.